பள்ளிக்கூடத்தின் எல்லை

ஊருக்கு எல்லை உண்டு. அந்த எல்லையில் காவலுக்கு ஒரு சாமியும் உண்டு. வயலுக்கு வரப்பு உண்டு. கண்மாய்க்குக் கரை உண்டு. இவற்றையெல்லாம் யாரும் கண்ணால் காணலாம். ஒரு பள்ளிக்கூடத்துக்கு எல்லை எது? மதிற்சுவர்தான் எல்லை என்று சொல்பவர் பள்ளியைக் கட்டடமாக மட்டும் அறிந்தவர். எந்தெந்த வீட்டுக் குழந்தை அந்தப் பள்ளியை நாடி வருகிறதோ, அந்தந்த வீட்டு வாசல் வரைக்கும் பள்ளி நீண்டு கிடக்கிறது. அந்த வாசற்படிகளையெல்லாம் சேர்த்து ஒரு கோடு இழுத்தால் அதுவே பள்ளியின் எல்லை. அந்தக் கோடு எந்தப் பட்டாவிலும் இல்லை; எந்தச் சர்வே கல்லும் அதைக் காட்டுவதில்லை. ஆயினும் அது ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த நகர்ச்சியைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நான் மாணவனாகவும் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் வாழ்ந்தது மதுரைக்குத் தெற்கே, கப்பலூரைச் சுற்றியுள்ள பகுதியில். மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் சாலையில் பயணம் செய்தவர்கள் கப்பலூரை அறிவார்கள். கருமுத்து தியாகராசச் செட்டியார் 1936-ஆம் ஆண்டில் அங்கே ஒரு பஞ்சாலையை நிறுவினார். சுற்றிலும் வானம் பார்த்த பூமி, இடையிடையே கண்மாய்கள், வேலமரங்கள். அந்த வெளியில் ஆலைச் சங்கு ஊதினால் பல ஊர்களுக்கும் கேட்கும். கடிகாரம் இல்லாத வீடுகளில் அந்தச் சங்குதான் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தைச் சொல்லிற்று.

நான் உயர்நிலைப்பள்ளியில் படித்தது 1960-களின் நடுவில். அந்நாளில் பதினோராம் வகுப்பு வரை படித்தால்தான் எஸ்.எஸ்.எல்.சி. எங்கள் சிற்றூரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் திருமங்கலத்துக்கு நடக்க வேண்டும். காலையில் பழைய சோறும் ஊறுகாயும் தூக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு, கண்மாய்க் கரை வழியாக ஏழெட்டுப் பையன்கள் கூட்டமாகப் போவோம். கூட்டத்தில் பெண்பிள்ளை ஒருத்திகூட இல்லை. அதை நாங்கள் ஒரு குறையாகக்கூட நினைக்கவில்லை என்பதை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கல்வியில் ஒரு பெரிய கணக்குப் போடப்பட்டது. அது தூரத்தின் கணக்கு. நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வித்துறையின் இயக்குநராக இருந்து அந்தக் கணக்கை நடத்திக் காட்டினார். ஒரு மைலுக்குள் ஆரம்பப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்பது அந்தக் கணக்கின் சாரம். பள்ளி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிலும் குழந்தை எங்கே இருக்கிறது என்பதை முதலில் கேட்ட கணக்கு அது. 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1958-இல் தொடங்கிப் பல ஊர்களில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அந்தக் கணக்கோடு சேர்ந்தவை. எங்கள் பக்கத்து ஊர் நடுநிலைப்பள்ளி உயர்நிலைப்பள்ளியாக உயர்ந்தபோது, என் தம்பியின் நடை என் நடையில் பாதியாகக் குறைந்தது. அவன் கூட்டத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். தூரம் பாதியானதும் பெண்கள் பள்ளிக்கு வந்தார்கள் என்னும் பாடத்தை நான் அங்கேதான் முதன்முதலில் படித்தேன்.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் பள்ளிகள் ஒரே வகையாக இருக்கவில்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்று. ஜில்லா போர்டு நடத்திப் பின்னர் அரசு ஏற்றுக்கொண்ட உயர்நிலைப்பள்ளி ஒன்று. ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஒன்று. கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஒன்று. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்று. குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் கொடுமை நிலவிய காலத்தில் மதுரை மாவட்டத்தில் தொடங்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், சட்டம் போன பின்னும் நிலைத்து, பல தலைமுறைகளை வளர்த்தன. இன்று அவை மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் பரவியிருக்கின்றன. ஆக, எங்கள் பக்கம் பள்ளியின் எல்லை தரையில் மட்டும் இருக்கவில்லை. எந்தத் துறையின் பள்ளி, எந்தத் தெருவுக்கு அருகில் என்பதும் எல்லையாக இருந்தது. 2023 மார்ச் மாதத்து நிதிநிலை அறிக்கையில், இவ்வாறு பல துறைகளின் கீழ் உள்ள பள்ளிகளையெல்லாம் பள்ளிக்கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. எங்கள் வட்டாரத்தில் அதை வரவேற்றவர்களும் உண்டு. போராடிப் பெற்ற உரிமை கரைந்துவிடுமோ என்று அஞ்சி எதிர்த்தவர்களும் உண்டு. இரு தரத்தார் பேச்சையும் கேட்டவன் நான். இரண்டிலும் நியாயம் இருந்தது.

இனி, நான் ஆசிரியனான பிறகு கண்டதைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலைக்குச் சற்று உள்ளே இருந்த ஓர் அரசு உயர்நிலைப்பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சேர்ந்த நாளில் அந்தப் பள்ளியின் எல்லை நடையின் எல்லை. பிறகு அது பேருந்தின் எல்லையாயிற்று. மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை வந்தது. மூன்று மைல் என்பது ஒரு பொருட்டில்லாமற் போயிற்று. அதுவரை கண்டிராத ஊர்ப் பெயர்கள் வருகைப் பதிவேட்டில் ஏறின. காலை எட்டரைக்கு வரும் டவுன் பஸ் எந்தெந்த ஊரைத் தொட்டு வருகிறதோ அந்தந்த ஊரெல்லாம் எங்கள் ஊர். ஒருமுறை அந்தப் பேருந்தின் தடத்தை மாற்றிவிட்டார்கள். ஒரு பருவத்துக்குள் ஒரு சிற்றூர் முழுவதும் எங்கள் பதிவேட்டிலிருந்து மறைந்து, வேறொரு பள்ளியின் பதிவேட்டில் தோன்றிற்று. கல்வி அதிகாரி போட்ட ஆணை எதுவும் அதில் இல்லை. பேருந்துப் பணிமனையில் யாரோ ஒருவர் ஒரு கால அட்டவணையைத் திருத்தினார். பள்ளியின் எல்லை மாறிற்று. அவ்வளவுதான்.

அதற்குப் பின் வந்தது நான்குவழிச் சாலை. முன்பு ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர். 2010-க்குப் பிறகு நாற்பத்து நான்காம் எண். காசுமீரத்திலிருந்து கன்னியாகுமரி வரை நாட்டை இணைக்கும் சாலை என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் காசுமீரத்தைக் கன்னியாகுமரியோடு இணைத்த அந்தச் சாலை, எங்கள் ஊரின் மேற்குத் தெருவைக் கிழக்குத் தெருவிலிருந்து பிரித்துவிட்டது. நடுவில் தடுப்புச் சுவர். கடக்க வேண்டுமானால் சுரங்கப்பாதை இருக்கும் இடம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். பழைய நாளில் சாலையைக் கடந்து பத்து நிமிடத்தில் வந்த பிள்ளைகள் அரை மணி நேரம் நடந்தார்கள். அவசரக்காரப் பையன்கள் தடுப்புச் சுவரை ஏறித் தாண்டினார்கள். தினமும் காலையில் மணி அடிக்கும் வரைக்கும் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஒரு பாட்டி தன் பேத்தியை அழைத்துக்கொண்டு வந்து, "வாத்தியாரய்யா, படிக்க வேணாம்னு நான் சொல்லலை. அந்த ரோட்டைத் தாண்டி விட மனசு வரலை. சீட்டைக் கிழிச்சுக் குடுத்துருங்க" என்றார். மாற்றுச் சான்றிதழைத்தான் அப்படிச் சொன்னார். வரைபடத்தில் அளந்தால் அந்த வீட்டுக்கும் எங்கள் பள்ளிக்கும் ஒரு கிலோமீட்டர்கூட இராது. அரசுக் கணக்கில் அந்தக் குழந்தை எங்கள் எல்லைக்குள் இருந்தாள். பாட்டியின் கணக்கில் இல்லை.

நேயர்களே, 2009-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 'அருகமை' என்று ஒரு சொல்லைக் கையாளுகிறது. தமிழ்நாட்டில் 2011-இல் வந்த விதிகளின்படி, தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைக் கல்வி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் கிடைக்க வேண்டும். உயர்நிலைப்பள்ளி ஐந்து கிலோமீட்டருக்குள் என்பது 2009-இல் தொடங்கிய மத்திய இடைநிலைக் கல்வித் திட்டத்தின் அளவு. இச்சட்டத்துக்காக மத்திய அரசு 2010-இல் வகுத்த விதிகளில் ஒரு நல்ல வாசகம் உண்டு. மலை, வெள்ளம், சாலையின்மை போன்ற காரணங்களாலோ பொதுவாக வேறு ஆபத்தினாலோ சிறு குழந்தை பள்ளிக்கு வரும் வழி இடருடையதாயின், அந்தத் தூரத்தைக் குறைத்துப் பள்ளியை அமைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. விதியை எழுதியவர்கள் மலையையும் வெள்ளத்தையும் நினைத்தார்கள். சமவெளியில் ஒரு வெள்ளம் இரவும் பகலும் சக்கரங்களின் மீது ஓடும் என்பதை நாம்தான் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

தூரம் என்பது எங்கள் கப்பலூரில் வழக்காடும் சொல். அங்குள்ள சுங்கச்சாவடி திருமங்கலம் நகராட்சிக்கு மிக அருகில் இருக்கிறது என்று ஊர் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். நகராட்சி எல்லைக்கும் சுங்கச்சாவடிக்கும் இடையே இத்தனை கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டின் விதி சொல்கிறது. அதை வைத்துக்கொண்டு வண்டிக்காரர்கள் வாதாடினார்கள். வண்டிக்குரிய தூரத்துக்காகக் கூட்டம் கூடிற்று. குழந்தைக்குரிய தூரத்துக்காக அத்தனை பேர் கூடி நான் கண்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருநாள் நின்றவன்தான்.

இனி என் மனத்தை உறுத்தும் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது செய்தி. நெடுஞ்சாலைக்கு அப்பால் இருந்த ஊரார், தங்கள் நடுநிலைப்பள்ளியை உயர்நிலைப்பள்ளியாகத் தரம் உயர்த்த வேண்டும் என்று மனுச் செய்தார்கள். அந்நாளில் இதற்கு இடம் காட்ட வேண்டும்; பொதுமக்கள் பங்குத்தொகை கட்ட வேண்டும்; அருகிலுள்ள உயர்நிலைப்பள்ளிகளின் தூரத்தையும் மாணவர் எண்ணிக்கையையும் எழுதி வாங்க வேண்டும். அருகிலுள்ள பள்ளி என்பது எங்கள் பள்ளி. தலைமையாசிரியன் என்பவன் நான். புதிய பள்ளி தேவையா என்று என்னைக் கருத்துக் கேட்டார்கள்.

ஆகஸ்டு முதல் தேதியன்று உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டுதான் ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்வார்கள். எண்ணிக்கை குறைந்தால் சிலர் உபரி ஆசிரியர் ஆவார்கள். பணிநிரவல் என்று சொல்லி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் நின்றுவிட்டால் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவு போய்விடும். நல்ல கணக்கு ஆசிரியர் ஒருவர் போய்விடுவார். ஆகவே, "எங்கள் பள்ளியில் போதிய இடம் உள்ளது, புதிய பள்ளிக்கு உடனடித் தேவை இல்லை" என்று எழுதி வைத்துவிட்டேன். எழுதியதில் பொய் இல்லை. இடம் இருந்தது உண்மையே.

மறுநாள் மாலை, எதற்கும் ஒருமுறை பார்ப்போம் என்று, அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் ஐந்தாறு பேரோடு நானும் நடந்தேன். நெடுஞ்சாலை வரை கலகலவென்று பேசிக்கொண்டே வந்தவர்கள், சுரங்கப்பாதைக்கு அருகில் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பெரியவள் முன்னே போனாள். சிறியவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே விளக்கு இல்லை. கணுக்கால் அளவு தண்ணீர். ஓரத்தில் சிலர் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டு எழுந்துவிட்டார்கள். வெளியே வந்த பின், "சார், நீங்க வந்ததனால இன்னைக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை" என்றாள் ஒருத்தி. பதின்மூன்று பதினான்கு வயது இருக்கும். தினமும் அந்த வழியாக வந்து, மணிக்கு முன்பாக என் பள்ளியில் வரிசையில் நிற்பவள். தாமதமாக வந்தாள் என்று ஒருமுறை அவளை வெளியே நிறுத்தியவன் நான்.

வீட்டுக்கு வந்து எழுதியதைக் கிழித்துப் போட்டேன். புதிய பள்ளி தேவை என்று எழுதினேன். பள்ளி தரம் உயர்ந்தது. எங்கள் ஒன்பதாம் வகுப்பு ஒரு பிரிவாயிற்று. கணக்கு ஆசிரியர் போனார். என் சக ஆசிரியர் சிலர் ஓராண்டுக் காலம் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஏனெனில் சில ஆண்டுகளுக்குப் பின், அந்தப் புதிய பள்ளியிலும் வகுப்புகள் நிறையவில்லை. எங்கள் பள்ளியிலும் நிறையவில்லை. ஆயினும் எட்டாம் வகுப்போடு நின்றிருக்கக்கூடிய பெண்கள் சிலர் அங்கே பத்தாம் வகுப்பு எழுதினார்கள். அந்தக் கணக்கில் நான் நஷ்டப்படவில்லை என்று நம்புகிறேன்.

அப்படியானால் வகுப்புகள் ஏன் நிறையவில்லை? இது இரண்டாவது செய்திக்கு என்னைக் கொண்டுபோகிறது.

காலை ஏழு மணிக்குக் கப்பலூர்ச் சாலையில் நின்று பார்த்தால் மஞ்சள் வண்டிகள் வரிசையாகப் போவதைக் காணலாம். மதுரைக்கும் திருமங்கலத்துக்கும், சுற்றுச்சாலை ஓரத்துக்கும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. மூன்று கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் என்னும் பேச்சு அங்கே இல்லை. வண்டிக் கட்டணம் கட்ட முடிந்தவனுக்கு எல்லையே இல்லை. தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. உச்சநீதிமன்றமும் 2012-இல் அதை உறுதி செய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தமிழ்நாட்டில் அந்த இடத்தைப் பெற வேண்டுமானால் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். இலவசமாகப் படிக்க வருபவனுக்கு ஒரு கிலோமீட்டர். பணம் கட்டிப் படிக்க வருபவனுக்கு இருபது கிலோமீட்டர். எல்லைக் கோட்டை யார் மீது இழுக்கிறோம் என்பதை இதிலிருந்து நீங்களே அறிந்துகொள்ளலாம்.

அந்த மஞ்சள் வண்டி ஒன்றில், 1990-களில், என் மகளும் ஏறிப் போனாள். அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்கி, அந்தச் சம்பளத்தைக் கொண்டு என் மகளை என் பள்ளியின் எல்லைக்கு வெளியே அனுப்பினேன். அவள் ஆங்கிலம் நன்றாகப் பேச வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை என்று பிறரிடம் சொல்வேன். என் ஆசையும் அதுவே. ஒருநாள் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், பிள்ளைகளை ஒழுங்காக அனுப்புவதில்லை என்று பெற்றோரைக் கடிந்துகொண்டிருந்தேன். சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒருவர் எழுந்து, மிகவும் மரியாதையாக, "சார், உங்க பிள்ளை எங்க படிக்குதுங்க?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கூட்டத்தில் இருந்த மற்றவர்களுக்கெல்லாம் விடை தெரியும். நான் தண்ணீர் குடித்தேன். அடுத்த பொருளுக்குப் போனோம்.

2015 ஆகஸ்டு மாதம் அலகாபாத் உயர்நீதிமன்றம், உத்தரப்பிரதேசத்தில் அரசுச் சம்பளம் பெறுவோர் தம் குழந்தைகளை அரசுத் தொடக்கப்பள்ளிகளிலேயே சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அச்செய்தியைப் படித்த அன்று அந்தத் தொழிலாளியின் முகம் என் கண்முன் வந்து நின்றது.

இவ்விஷயத்தில் பிற நாடுகள் எப்படி என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்காவில் இன்ன தெருவில் வீடு இருந்தால் இன்ன பள்ளி என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல பள்ளியின் கோட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு விலை அதிகம். வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனிப் பள்ளியில் படிப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தது. அதன்பின் டெட்ராய்ட் நகரத்தில் கறுப்பரினக் குழந்தைகளும் புறநகரங்களில் வெள்ளையர் குழந்தைகளுமாக இருந்த நிலையில், இரு சாராரையும் ஒரே பள்ளிகளில் சேர்க்கலாமா என்ற வழக்கு வந்தது. புறநகர்ப் பள்ளி மாவட்டங்களின் எல்லையைத் தாண்டி அவ்வாறு செய்யக் கட்டாயப்படுத்த இயலாது என்று 1974-இல் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகத் தீர்ப்பாயிற்று. கோடு நின்றது, குழந்தைகள் பிரிந்தே இருந்தார்கள். அங்கே கோடு போட்டுப் பிரித்தார்கள். நாம் கோடே போடாமல் பிரித்திருக்கிறோம்.

நம் நாட்டிலும் இதை முன்கூட்டியே கண்டவர்கள் உண்டு. 1964 முதல் 1966 வரை பேராசிரியர் கோத்தாரி தலைமையில் ஆராய்ந்த கல்விக் குழு, அருகமைப் பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. அந்தந்த வட்டாரத்துக் குழந்தைகள் அனைவரும், சாதியும் செல்வமும் பாராமல், அந்தந்த வட்டாரப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அதற்கு அக்குழு சொன்ன காரணங்களில் ஒன்று என் நெஞ்சை விட்டு அகலாதது. செல்வமும் செல்வாக்கும் உடையவர்களின் பிள்ளைகளும் அதே பள்ளியில் படித்தால், அப்பள்ளியைச் சீர்ப்படுத்த அவர்களே முன்வருவார்கள் என்பது அது. எங்கள் பள்ளியின் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு எத்தனையோ மனு எழுதியவன் நான். ஊராட்சி மன்றத்தில் செல்வாக்குடைய ஒருவரின் மகள் அங்கே படித்திருந்தால் ஒரு மனுவே போதுமாயிருந்திருக்கும்.

சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010-இல் வந்தது. உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி 2011 ஆகஸ்டில் உறுதியும் பெற்றது. அதனால் பாடநூல் ஒன்றாயிற்று. பலகை ஒன்றாகவில்லை. ஒரே பாடத்தை ஒரே ஊர்ப் பிள்ளைகள் வெவ்வேறு கூரைகளின் கீழ்ப் படிக்கிறார்கள்.

ஆயினும் நம்பிக்கைக்கு இடம் இல்லாமல் இல்லை. கோடு வெளியே நகர்வது போல உள்ளேயும் நகரும். கொரோனாக் காலத்தில், 2020, 2021 ஆண்டுகளில், கட்டணம் கட்ட இயலாத குடும்பங்கள் பல அரசுப் பள்ளியின் வாசலுக்கு வந்தன. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் என்று 2020-இல் வந்த சட்டமும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி வைக்கப்பட்ட காலை உணவுத் திட்டமும், அதே மாதத்தில் அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் உயர்கல்விக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தொடங்கிய திட்டமும் வந்தவர்களை நிறுத்தி வைக்க உதவுகின்றன.

எங்கள் பகுதியும் முன்போல் இல்லை. உச்சப்பட்டி, தோப்பூர்ப் பக்கத்தில் துணைக்கோள் நகரம் எழுந்து வருகிறது. தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 சனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. உச்சப்பட்டியில் ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த நம் தமிழ்க் குடும்பங்களின் முகாம் நெடுங்காலமாக இருக்கிறது. தொழிற்பேட்டையில் வேலை செய்ய வட மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகள் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கிறார்கள். மருத்துவரும் வருவார், கட்டடத் தொழிலாளியும் வருவார். இவர்களின் குழந்தைகளுக்கெல்லாம் எல்லைக் கோடு இனிமேல்தான் விழப்போகிறது. அது எப்படி விழ வேண்டும் என்பதை இப்போதே யோசிப்பது நல்லது.

என் அறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை அளக்கப் போகும் அதிகாரி, காலை எட்டு மணிக்கு ஒரு குழந்தையோடு நடந்து அளக்க வேண்டும். மாலையிலும் ஒருமுறை நடக்க வேண்டும். பேருந்துத் தடத்தை மாற்றுமுன் அந்தத் தடத்திலுள்ள பள்ளித் தலைமையாசிரியரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஒரு பள்ளியின் எல்லைக்குள் எத்தனை குழந்தைகள் வாழ்கிறார்கள், அவர்களுள் எத்தனை பேர் அங்கே படிக்கிறார்கள் என்னும் இரண்டு எண்களையும் பள்ளி மேலாண்மைக் குழு ஆண்டுதோறும் பள்ளி வாசலில் எழுதி வைக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஊர் தன் பள்ளியின் மீது வைத்திருக்கும் நம்பிக்கையின் அளவு. தேர்ச்சி விழுக்காட்டைச் சுவரில் எழுதுகிறோமே, அதற்குப் பக்கத்திலேயே இதையும் எழுதலாம்.

என் பேத்திக்கு இப்போது பள்ளி வயது. என் மகள் கப்பலூர்ப் பக்கமே குடியிருக்கிறாள். சென்ற ஆண்டு அவள் என்னைக் கேட்டாள்: "அப்பா, எங்க சேர்க்கலாம்? நீங்கதான் சொல்லணும்." முப்பது ஆண்டுகளுக்கு முன் கூட்டத்தில் விடை சொல்லாத கேள்வி மறுபடியும் என்னிடமே வந்து நின்றது. நான் உடனே பதில் சொல்லவில்லை. "நாளைக் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்றேன். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மூவரும் நடந்தோம். ஊராட்சி ஒன்றியப் பள்ளி வரைக்கும் பதினோரு நிமிடம் ஆயிற்று. வழியில் கடக்க வேண்டிய சாலை ஒன்று. அதுவும் சின்னச் சாலை. வாசலில் ஆசிரியை ஒருவர் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பேத்தி அவரைக் கேட்காமலே உள்ளே போய் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் இப்போது அங்கேதான் படிக்கிறாள். பள்ளியின் எல்லை ஒரு வாசற்படி அளவு எங்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது.